குப்பை வண்டித் தொழிலில் இறங்குகிறவர்களுக்கு: ஆளுக்கு அடிபடாமல் வேலை நடத்துவது எப்படி

கடலூரில் நாங்கள் இரண்டு வேலை செய்கிறோம். திருமண மண்டபம், அடுக்குமாடி, கடைகளிலிருந்து குப்பை எடுப்பது ஒன்று. வீடு இடிக்கிற இடத்திலும் புதுக் கட்டடம் எழும்புகிற இடத்திலும் இரும்புப் பெட்டியை வாடகைக்கு இறக்கி வைத்து, நிரம்பியதும் தூக்கிக்கொண்டு வருவது இன்னொன்று. வண்டிகளை என் தம்பி பார்த்துக்கொள்கிறான். ஆள், கூலி, கணக்கு என் பொறுப்பு. புதிதாக டாடா ஏஸோ டிப்பரோ வாங்கி இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த கிளவுஸ் நல்லது, எங்கே மலிவு என்றுதான். கிளவுஸ் வேண்டும், அதைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் ஆளுக்கு அடிபடுவதும் படாததும் பெரும்பாலும் வண்டி ஷெட்டை விட்டுக் கிளம்பும் முன்பே, கூலி பேசும்போதும் நேரம் குறிக்கும்போதும் முடிவாகிவிடுகிறது. அது முழுக்க முதலாளி கையில் இருக்கிற விஷயம்.

கூலி

வண்டி ஒரு முறை போய் வருகிற நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசாதீர்கள். லாரித் தொழிலில் காலம்காலமாக உள்ள பழக்கம் என்பதால் எல்லோரும் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். நடைக்கணக்கில் ஓடுகிற ஆள் சங்கிலி சரியாக மாட்டியிருக்கிறதா என்று இன்னொரு முறை பார்க்க மாட்டார். தார்ப்பாய் கட்டாமல் கிளம்புவார். தண்ணீர் குடிக்கக்கூட நிற்க மாட்டார். நின்றால் அவருக்குக் காசு போகிறது, அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? நாள் கூலி பேசுங்கள். முகூர்த்த நாளில் வேலை கூடினால் கூடுதலாக இரண்டு ஆள் போடுங்கள், இருக்கிற ஆளிடம் கூடுதலாக இரண்டு நடை கேட்காதீர்கள்.

நாள் கூலி என்றால் ஆள் சோம்பிவிடுவார் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் காயத்துக்கென்று தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். சின்னக் கீறல் என்றாலும் தேதி, நேரம், இடம், எந்த நடை என்று எழுதுவோம். அதைப் புரட்டினால் பெரும்பாலான காயங்கள் கடைசி நடையிலும் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்பும் பட்டவை. கூட்டு முகூர்த்த நாட்களில் பக்கம் நிறைந்துவிடும். அந்த நோட்டு இல்லாமல் எனக்கே இது தெரிந்திருக்காது. நீங்களும் முதல் நாளிலிருந்தே ஒன்று போடுங்கள்.

இன்னொன்று, அடிபட்ட அன்றைக்குக் கூலியைப் பிடிக்காதீர்கள். பிடித்தால் அடுத்த முறை காயத்தை மறைப்பார்கள். ஊசி குத்திய காயத்தை மறைத்தால் என்ன ஆகும் என்று கீழே வருகிறது.

பெட்டி இறக்குவதும் தூக்குவதும்

கட்டட இடிபாட்டின் எடையைப் புதியவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. செங்கல்லும் காரையும் கலந்த இடிபாடு ஒரு யூனிட்டே மூன்றரை, நான்கு டன் வரும். மழை பெய்து நனைந்தால் இன்னும் கூடும். டாடா ஏஸ் தாங்குவது ஏறக்குறைய முக்கால் டன். அதில் இடிபாட்டைக் குவித்து ஏற்றுகிறவர்களைத் தினமும் இம்பீரியல் சாலையில் பார்க்கிறேன். பிரேக் பிடித்தால் நிற்காது, திருப்பத்தில் சாயும்.

எங்கள் பெட்டியின் உள்பக்கம் விளிம்புக்கு ஒரு சாண் கீழே மஞ்சள் பெயிண்டில் கோடு போட்டிருக்கிறோம். கோட்டுக்கு மேலே குப்பை இருந்தால் தூக்க மாட்டோம். இதை வாடகைச் சீட்டிலேயே அச்சடித்துவிடுங்கள். கொத்தனார் மேஸ்திரி "இன்னும் நாலு பாண்டுதானே, போட்டுக்கோங்க" என்பார். சீட்டைக் காட்டினால் பேச்சு அங்கேயே முடியும். உங்கள் ஆள் அவரோடு சண்டை போட வேண்டிய நிலையும் வராது.

பெட்டியை எங்கே இறக்குவது என்பதை வண்டி போவதற்கு முந்தின நாள் யாராவது நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும். சாக்கடை மேல் போட்ட சிலாப்பின் மீது இறக்கக் கூடாது. செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், பழைய வீடுகளில் வாசலிலேயே புதைந்திருக்கும். தேவனாம்பட்டினம் பக்கம் மணல் தரை, வண்டி சாயாமல் தாங்குகிற ஜாக்கிக் கால் பாரம் ஏறியதும் மணலில் இறங்கும். காலுக்கு அடியில் கனமான பலகை வைக்காமல் தூக்க வேண்டாம். தெருவில் வைப்பதானால் மாநகராட்சியிடம் அனுமதி வாங்கி, நாலு பக்கமும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி, இரவில் சிவப்பு விளக்கும் மாட்டுங்கள். இருட்டில் பைக்கில் வருகிறவருக்குத் துருப்பிடித்த பெட்டி கண்ணுக்கே தெரியாது.

மின்கம்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வீடுகளுக்கு வருகிற குறைந்த அழுத்தக் கம்பி தெருவைக் கடக்கும் இடத்தில் தரையிலிருந்து 5.8 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது விதி. 11 கிலோவோல்ட் கம்பி என்றால் 6.1 மீட்டர். நம் தெருக்களில் பழைய தார் ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய ரோடு போட்டுப் போட்டுத் தரை உயர்ந்துவிட்டது, கம்பி தொய்ந்து இறங்கியும் இருக்கிறது. பெட்டியைத் தூக்குகிற வண்டியின் இரும்புக் கையை உயர்த்தும்போதோ டிப்பர் தொட்டியைத் தூக்கும்போதோ எவ்வளவு உயரம் போகிறது என்று ஷெட்டில் ஒரு முறை அளந்து, டிரைவர் சீட்டுக்கு எதிரே எழுதி ஒட்டுங்கள். கம்பிக்கு அடியில் தூக்குவதில்லை என்பதே எங்கள் வழக்கம். வேறு இடமே இல்லையென்றால் வேலையை விட்டுவிடுகிறோம், அல்லது மின்வாரியத்திடம் சொல்லி லைனை நிறுத்திய பிறகு செய்கிறோம். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987.

அப்படியும் கம்பி வண்டியில் பட்டுவிட்டால் டிரைவர் கேபினை விட்டு இறங்கவே கூடாது. கீழே நிற்கிறவர்கள் வண்டியைத் தொடாமல் தூரமாக விலக வேண்டும். வண்டி தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டும் என்றால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாதபடி இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, பாதத்தைத் தூக்காமல் தேய்த்தபடியே விலகிப் போக வேண்டும். ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே என்று நடந்தால் தரையில் பரவியிருக்கும் மின்சாரம் உடம்பு வழியாகப் பாயும். இதை வாயால் சொன்னால் போதாது. ஷெட்டில் ஒவ்வொருவரையும் செய்து காட்டச் சொல்லுங்கள்.

பெட்டி தரையை விட்டு எழும்பியதும் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. ஆடுகிறதே என்று கையால் பிடித்து நிறுத்தப் பார்ப்பது எல்லோருக்கும் தானாக வருகிற பழக்கம். அந்தக் கை சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். நீளக் கயிறு கட்டித் தூரத்திலிருந்து பிடிக்கச் சொல்லுங்கள். சங்கிலிக் கண்ணிகளை வாரம் ஒரு முறை வெயிலில் வைத்துத் துடைத்துப் பாருங்கள். தேய்ந்தது, நீண்டது, விரிசல் விட்டது எதுவானாலும் சங்கிலியை மாற்றிவிட வேண்டும், வெல்டிங் வைத்து ஓட்டக் கூடாது. கடல் காற்றில் இங்கே எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

தூக்கிய டிப்பர் தொட்டிக்கு அடியில் தலையை விடுவது பற்றி ஒரே சொல்தான்: முட்டுக்கட்டை கொடுக்காமல் கூடாது. ஹைட்ராலிக் பைப் வெடித்தால் தொட்டி இறங்குவதற்குள் யாரும் விலக முடியாது. குப்பை ஒட்டிக்கொண்டு விழவில்லையென்றால் தொட்டியை இறக்கி, நீளக் கம்பியால் தள்ளிவிட்டு, மறுபடி தூக்குங்கள். இரவோடு இரவாகக் கெடிலம் ஆற்றின் கரையில் கொட்டிவிட்டு வரச் சொல்கிற வாடிக்கையாளரும் வருவார். அது சட்டப்படியும் தவறு. போதாததற்கு, கரை மண் பொதபொதவென்று இருக்கும், தொட்டி தூக்கிய நிலையில் வண்டி சாய்ந்தால் டிரைவர்தான் உள்ளே இருப்பார்.

இடிபாட்டுத் தூசியை உலர்ந்தபடி கூட்டாதீர்கள், முதலில் தண்ணீர் தெளியுங்கள். அதிலும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் இங்கே கரையைக் கடந்தபோது உடைந்து பறந்த கூரைகளில் இதுதான் நிறைய. இன்றும் பழைய வீடு பிரித்தால் கட்டாயம் வரும். உடைந்தால் கண்ணுக்குத் தெரியாத நார் பறந்து நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். நோய் தெரிய இருபது, முப்பது வருடம்கூட ஆகும். அதனால்தான் யாரும் பயப்படுவதில்லை. ஷீட்டை நனைத்து, முழுசாக இறக்கி, உடைந்த துண்டுகளைக் கனமான பையில் கட்டி, தனியாக ஏற்றுங்கள். பெட்டியில் இடம் வேண்டும் என்று காலால் மிதித்து நொறுக்க விடாதீர்கள். சாதாரணத் துணி மாஸ்க் இந்த நாரைத் தடுக்காது, என்95-உம் இதற்குப் போதாது, பி100 வடிகட்டி வைத்த மாஸ்க் வேண்டும். வேலை முடிந்து அந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கக் கூடாது.

மண்டபக் குப்பை

மண்டபத்தில் இடுப்புதான் முதலில் போகும். இருநூறு லிட்டர் நீல டிரம்மில் சாப்பிட்ட இலையும் சாம்பாரும் சேர்ந்து நிரம்பினால் இரண்டு பேரால் தூக்கவே முடியாது, தூக்கிவிடுவோம் என்று நினைப்பதில்தான் கேடு. நாங்கள் டிரம்மையே விட்டுவிட்டோம். சக்கரம் வைத்த 120 லிட்டர் தொட்டி, வண்டியில் ஏற்ற ஒரு சாய்வுப் பலகை. இலையை எடுக்கும்போதே தண்ணீர் வடிய ஓட்டைக் கூடையில் போடச் சொன்னால் எடை நன்றாகக் குறையும், வண்டியிலிருந்து ரோட்டில் ஒழுகி யாரும் வழுக்கி விழவும் மாட்டார்கள்.

பழைய டிரம் வாங்குகிறவர்கள் அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள். சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிற ஊர் இது, ரசாயனம் வந்த டிரம்மும் பழைய இரும்புக் கடைக்கு வரும். லேபிள் கிழித்த டிரம்மைத் தொட வேண்டாம். மூடிய டிரம்மை கேஸ் கட்டிங் வைத்து வெட்டினால் உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். தொழிற்சாலைக் கழிவை எடுக்கத் தனி உரிமம் வேண்டும். எவ்வளவு காசு தருவதாகச் சொன்னாலும் நம் வண்டியில் ஏற்றக் கூடாது.

விறகடுப்புச் சாம்பலைக் கவனியுங்கள். மேலே சாம்பல் பூத்து ஆறினது போல இருக்கும், உள்ளே கங்கு இருக்கும். பேப்பர் கப்போடு சேர்த்து ஏற்றினால் வண்டி வழியிலேயே புகையும். சமையல் மாஸ்டரிடம் முதல் நாளே சொல்லி, சாம்பலில் தண்ணீர் ஊற்றித் தனித் தகர டின்னில் வைக்கச் சொல்லுங்கள். பவர் பேங்க், செல்போன் பேட்டரி, லைட்டர் மூன்றையும் கண்டால் தனியே எடுத்து வையுங்கள், நசுங்கினால் தீப்பிடிக்கும். ஓடும் வண்டியில் புகை வந்தால் பெட்ரோல் பங்க், வீடு இரண்டையும் தாண்டி வெட்டவெளியில் நிறுத்தி, முடிந்தால் லோடைத் தரையில் கவிழ்த்துவிட்டு 101-ஐக் கூப்பிடுங்கள்.

கழிவறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில் கலக்காதீர்கள். குளோரின் வாயு வரும். மூடிய அறையில் அது ஆளையே கொல்லும்.

ஊசி

அடுக்குமாடிக் குப்பையில் எனக்குப் பெரிய கவலை இதுதான். வீட்டுக்கு வீடு சர்க்கரை நோயாளிகள் இருக்கிறார்கள், இன்சுலின் ஊசி அப்படியே கறுப்புப் பையில் வருகிறது. எந்த கிளவுஸும் ஊசியை முழுசாக நிறுத்தாது. அதனால் பையைக் கையாள்கிற முறையை மாற்றுங்கள்: முடிச்சைப் பிடித்துத் தூக்க வேண்டும், அடியில் கை கொடுக்கக் கூடாது. தொடையில் உரச விடாமல் தள்ளிப் பிடிக்க வேண்டும். நெஞ்சோடு அணைத்துத் தூக்குவதும், இடம் பண்ணக் கையால், காலால் அமுக்குவதும் வேண்டாம். கிளறுவதற்கு முள்வாரி இருக்கிறது.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரிடம் பேசி, ஊசிகளைத் துணி துவைக்கும் திரவம் வந்த கெட்டி பாட்டிலில் போட்டு மூடி, தனியாகக் கையில் தரச் சொல்லுங்கள். உடைந்த கண்ணாடி அட்டைப் பெட்டியில். நாப்கின், டயப்பர் பேப்பரில் சுற்றித் தனியாக. நாங்கள் ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்லியே பழக்கினோம், நோட்டீஸ் ஒட்டியதை யாரும் படிக்கவில்லை.

குத்திவிட்டால் ரத்தத்தைப் பிதுக்க வேண்டாம், வாயில் வைத்து உறிஞ்சவே கூடாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு நேரே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க மருந்து இருக்கிறது. முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கூலி போய்விடும் என்று மறைத்து நாலாம் நாள் சொன்னால் அந்த வாய்ப்பு முடிந்துவிடும். மஞ்சள் காமாலை பி வகைக்குத் தடுப்பூசியை ஆள் வேலைக்குச் சேரும்போதே போடத் தொடங்குங்கள். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. டெட்டனஸும் சேர்த்துப் போட்டு, தேதியைக் காய நோட்டில் எழுதுங்கள். நாய் கடித்தால் 15 நிமிடம் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே ஊசி. குப்பைத் தொட்டிக்கும் தெருநாய்க்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியாததல்ல.

மறுக்க வேண்டிய வேலை

"வந்ததே வந்தீங்க, இந்த டேங்க் மூடியைத் திறந்து கொஞ்சம் அடைப்பை எடுத்துவிடுங்க" என்று கேட்பார்கள். ஐந்நூறு ரூபாய் கூடத் தருவார்கள். கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. முதல் முறைக்கே 2 வருடம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம். சட்டத்தை விடுங்கள், உள்ளே இருக்கிற ஹைட்ரஜன் சல்பைடு வாயு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. நாற்றம் இல்லையே என்று இறங்குகிறவர் மயங்கி விழுவார், காப்பாற்ற இறங்குகிற அடுத்தவரும் விழுவார். மூடியைத் திறக்கவே மாட்டோம் என்று உங்கள் ஆட்கள் உறுதியாகச் சொல்ல நீங்கள் பின்னால் நிற்க வேண்டும். வீட்டுக்காரருக்கு 14420 என்ற எண்ணைக் கொடுங்கள், உறிஞ்சும் வண்டி வரும்.

ரிவர்ஸ், வெயில், கழிப்பறை

ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரே ஒருவர்தான் சைகை காட்ட வேண்டும். அவர் கண்ணாடியில் மறைந்தால் டிரைவர் உடனே நிறுத்த வேண்டும். மற்றவர்கள் வண்டிக்கு முன்பக்கம் போய்விட வேண்டும். மார்கழி மாதம் விடிகாலையில் பெண்கள் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள், பின்னாலிருக்கும் ஆள் டிரைவருக்குத் தெரியவே மாட்டார். அந்த ஒரு மாதம் நாங்கள் குறுகலான தெருக்களை ஏழு மணிக்கு மேல் வைத்துக்கொள்கிறோம். லோடின் மேல் உட்கார்ந்து வருவதோ பின்படியில் தொங்குவதோ யாராக இருந்தாலும் கூடாது.

கத்திரி வெயிலில் ஐந்து மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்கு முடித்துவிடுங்கள். தமிழ்நாடு அரசே 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. வண்டியில் இருபது லிட்டர் கேன், உப்புப் போட்ட மோர். ஒருவர் சம்பந்தமில்லாமல் பேசுகிறார், தள்ளாடுகிறார் என்றால் நிழலில் படுக்கவைத்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

எங்களிடம் வேலை பார்க்கிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். வழியில் கழிப்பறை இல்லை என்பதற்காக அவர்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவார்கள். வெயில் காலத்தில் இது நேரே மயக்கத்தில் கொண்டுபோய் விடும், சிறுநீர்த் தொற்றும் வரும். எந்த மண்டபம், எந்தக் குடியிருப்பு கழிப்பறையைப் பயன்படுத்த விடும் என்று ஒப்பந்தம் பேசும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். குப்பை எடுக்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்குக் கழிப்பறை தர மாட்டோம் என்கிற இடத்தை நான் எடுப்பதில்லை.

இனி கிளவுஸ்

சீருடை, ஒளிரும் மேல்சட்டை, கையுறை, மழைக்கோட்டு, காலணி, முகக்கவசம் தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளிலேயே சொல்லியிருந்தது. உள்ளங்கையில் ரப்பர் பூசிய, கனமான, கைக்குப் பொருந்துகிற கிளவுஸ் வாங்குங்கள். பெண்களின் கைக்கு ஆண்களின் அளவை வாங்கிக் கொடுத்தால் கழற்றித்தான் வைப்பார்கள். ஆளுக்கு இரண்டு ஜோடி, ஒன்று துவைத்துக் காயும்போது இன்னொன்று. காலுக்குச் செருப்பு ஆகாது. இடிபாட்டில் ஆணி அடிப்பாகம் வழியாக ஏறும், அடியில் தகடு வைத்த ஷூ வேண்டும். ஷெட்டில் சோப்பும் குழாயும், மாற்று உடைக்கு ஓர் அறையும் இல்லாமல் இதையெல்லாம் வாங்கி என்ன செய்வது? கை கழுவாமல் டீ குடிக்கிற வரை வயிற்றுப்போக்கு நிற்காது.

10 பேர் இருந்தால் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. கட்டாயம். குறைவாக இருந்தாலும் ஆளுக்கு வருடம் 20 ரூபாயில் பிரதமர் விபத்துக் காப்பீடு இருக்கிறது, வங்கிக் கணக்கு இருந்தால் போதும். தூய்மைப் பணியாளர் நல வாரியம் பற்றி, ஆதிதிராவிடர் மேம்பாட்டுக்கான அரசு நிறுவனமான தாட்கோ அலுவலகத்தில் விசாரியுங்கள்.

மழைக்குப் பிறகு

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரின் ஓரத் தெருக்களில் புகுந்தது. தண்ணீர் வடிந்ததும் மெத்தை, துணி, அழுகிய அரிசி என்று குப்பை மலையாக வரும். அந்தத் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். காலில் வெடிப்போ கீறலோ இருந்தால் அதன் வழியே எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போகும். முழங்கால் பூட்ஸ் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். காலில் புண் இருக்கிறவரைக் காயும்வரை வண்டி மேல் வேலைக்குப் போடுங்கள். தண்ணீருக்குள் கிடக்கும் பொருளைக் கையால் துழாவக் கூடாது, பாம்பும் இருக்கும், கண்ணாடியும் இருக்கும். அறுந்து கிடக்கும் கம்பி எதுவானாலும் மின்சாரம் ஓடுகிற கம்பி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காய்ச்சல் பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரம் கழித்துத்தான் வரும், சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகும். அதற்குள் வெள்ளமே மறந்து போயிருக்கும். காய்ச்சலோடு கெண்டைக்கால் கடுமையாக வலிக்கும், கண் சிவக்கும். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்கு வர விடாதீர்கள். அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள், உள்ளே போனதும் "குப்பை அள்ளுகிற வேலை, வெள்ளத் தண்ணீரில் நின்றேன்" என்று டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள். பலர் கூச்சப்பட்டுத் தொழிலைச் சொல்வதில்லை, டாக்டரும் சாதாரணக் காய்ச்சல் என்று அனுப்பிவிடுவார். அதனால் நான் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அவர் சட்டைப் பையில் வைத்தே அனுப்புகிறேன்.